பால் பாக்கெட்டும் கடுக்காய்த் துணியும்

(கும்பகோணத்தில் ஒரு நூலக வாசகர் வட்டம் நடத்திய மூன்று நாள் கலம்காரிப் பயிலரங்கின் (கலம்காரி என்பது துணியில் குச்சிப் பேனாவால் சித்திரம் எழுதும் கலை) நிறைவு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலக அலுவலர் அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே (அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை), மூன்று நாளும் சாம்பார் சாதம் போட்ட சமையல்காரர் அவர்களே, சிக்கல்நாயக்கன்பேட்டையிலிருந்து வந்து கற்றுக்கொடுத்த ஆசான் அவர்களே, கையெல்லாம் கறுப்பு மையோடு உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, வணக்கம். ஆசானைக் கடைசியில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பந்தியில் பாயசம் கடைசியில்தான் வரும்.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, கைப்பழக்கம். இரண்டு, பழைய தொழிலில் புதிய சோதனைகள். மூன்று, கைவேலைக்கு நாம் கொடுக்கும் விலை.

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.' நான் மேடையேறினால் இது வரும் என்று உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் தமிழாசிரியர். வேறு எப்படிப் பேசுவேன்?

ஓய்வு பெற்ற புதிதில் இதே மாதிரி ஒரு பயிலரங்கில் நானும் சேர்ந்தேன். முதல் நாள் சாயங்காலம் ஆசான் வீட்டுப்பாடம் கொடுத்தார். வெளுக்காத பருத்தித் துணியான கோராத் துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்து நனைத்து, பிழிந்து, காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார். ஊருக்கெல்லாம் வீட்டுப்பாடம் கொடுத்தவனுக்கே வீட்டுப்பாடம்! கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்துவிட்டது. எருமைக்கு எங்கே போவது? குளிர்பெட்டியில் ஒரு பால் பாக்கெட் இருந்தது. காபிக்குப் போதாது என்று வீட்டம்மா முறைத்ததால் பாதிதான் எடுத்தேன். மீதிக்குத் தண்ணீர். பாலும் தண்ணீரும் ஒரே நிறம்தானே என்று ஒரு நினைப்பு.

மறுநாள் மூங்கில் குச்சியைக் கையில் கொடுத்தார்கள். முனையைச் சீவி, சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் கட்டியிருக்கும். அந்தக் கம்பளி மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தினால் கோடு இறங்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு எடுத்த மை. பார்த்தால் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி யாளி வரைந்தாள், கோடு முடிபோல நின்றது. நான் மயில் வரைந்தேன். என் மயில் ஐந்தே நிமிஷத்தில் மழைமேகம் ஆகிவிட்டது. கால் எது, கழுத்து எது என்று தெரியவில்லை.

ஆசான் வந்தார். மயிலைப் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தார், முகர்ந்தார். "சார், இதை டீக்கடையில நனைச்சீங்களா?" என்றார். அரங்கமே சிரித்தது. பிறகுதான் விளக்கினார்: பாலில் இருக்கும் கொழுப்புதான் மையைப் பரவவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. கொழுப்பு இல்லாத துணியில் கோடு நிற்காது. அன்று சாயங்காலமே எருமை தேடிப் போனேன். "பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டாள் பால்காரம்மா. "இல்லம்மா, துணிக்கு" என்றேன். என்னையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இந்தப் பாடம் புத்தகத்தில் இருந்திருந்தால் நான் படித்துவிட்டு மறந்திருப்பேன். சித்திரமும் கைப்பழக்கம்!

கோயிலுக்குத் தொம்பையும் (உருளை வடிவில் தொங்கவிடும் அலங்காரத் துணி) தோரணமும் குடைத்துணியும் எழுதுகிற இந்தக் கலைக்கு, கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் கொள்ளிடத்துக்கு அக்கரையில் கோடாலிக்கருப்பூர் என்ன ஆனது? தஞ்சை மராட்டிய அரச குடும்பம் உடுத்த சேலை அங்கே உருவானது. சரிகை நெசவும் மெழுகுச் சாயமும் கையால் எழுதும் சித்திர வேலையும் ஒரே துணியில். அரண்மனை போனது, வாங்க ஆள் இல்லை, தொழிலும் போனது. அசலைப் பார்க்க இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும். சில வீடுகளுக்குள்ளேயே இருந்த வித்தை அந்த வீடுகளோடு முடிந்துவிட்டது.

அதனால்தான் ஊர் ஊராய்ச் சொல்லிவருகிறேன்: அரசுப் பள்ளியில் வாரம் இரண்டு பாடவேளை கைத்தொழிலுக்கு வேண்டும். அதை அந்தந்த வட்டாரத்துக் கைவினைஞர் சம்பளத்தோடு நடத்த வேண்டும். இப்போது அந்த வேளை எங்கே போகிறது? கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார், திருப்பித் தருவதே இல்லை. ஒரு பள்ளியில் இந்த ஆசானைப் பற்றிப் பேசப் போனேன். "பி.எட். முடித்திருக்கிறாரா?" என்று கேட்டார்கள். மேடையில் பொன்னாடை, பள்ளி வாசலில் சான்றிதழா?

உடனே ஒரு நண்பர் சீறுவார்: "ஐயா, குலக்கல்வியைத் திரும்பக் கொண்டுவருகிறீரா?" கேட்க வேண்டிய கேள்விதான். 1953இல் பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோர் தொழில் என்று கொண்டுவந்தார்கள். நாடு கொதித்தது, 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது சரி. நான் கேட்பது அதற்கு நேர்எதிர். வண்ணம் தீட்டுகிறவர் மகன் மருத்துவம் படிக்கட்டும், மருத்துவர் மகள் கலம்காரி எழுதட்டும். ஔவையின் அந்த வெண்பாவை முழுதாகப் படியுங்கள். பிறவிக் குணம் என்று அவள் ஒதுக்கி வைத்தது நட்பு, தயை, கொடை மூன்றையும்தான். சித்திரத்தைப் பழக்கத்தில் சேர்த்துவிட்டாள். எந்த வீட்டில் பிறந்தாலும் கை பழகும். என் கை அறுபது வயதுக்கு மேல் பழகியது, அதுவும் எருமை கிடைத்த பிறகு.

இரண்டாவது செய்தி, புதிய சோதனைகள். சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1966, அதை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், ஓவியம் விற்காத காலத்தில் அங்கிருந்த கலைஞர்கள் மெழுகுச் சாயம் போட்ட பாத்திக் துணி செய்து விற்று... தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். விலையைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன்.

வாசலில் மேசை மேல், நான் சொன்ன அந்த இரண்டு பாடவேளையைக் கேட்கும் விண்ணப்பம் இருக்கிறது. வார்டு உறுப்பினர் அம்மா முதலில் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருக்கு என் நன்றி. மாணவர்கள் மட்டும் கை கழுவிவிட்டு வாருங்கள். போன ஊரில் விண்ணப்பம் முழுக்க என் மயில் மாதிரி ஆகிவிட்டது. வணக்கம்.