ஓட்டு முடிந்த அதே வாரத்தில் வங்கியே ஊரை மாற்றியது! தனிநாடு வாக்கெடுப்பு வந்தால் சேமிப்புக்கு என்ன ஆகும்?

[திரையில்: பார்சிலோனா தெரு, ஒரு வங்கிக் கிளை]

பார்சிலோனாவில் ஒருவர் தன் வழக்கமான வங்கிக் கிளைக்குள் போகிறார். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறார். அதே வங்கி, அதே கவுண்டர், அதே ஊழியர். ஆனால் அவருடைய பணம் இப்போது பார்சிலோனா இருக்கும் கேட்டலோனியா பகுதியின் கணக்கில் இல்லை, ஸ்பெயினின் வேறொரு மாகாணத்தில் இருக்கிறது!

2017 அக்டோபரில் இது உண்மையாகவே நடந்தது. எப்படி, ஏன் என்று பார்த்துவிடலாம். வணக்கம் நண்பர்களே.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 அக்டோபர் 1 அன்று, நீதிமன்றத் தடையையும் மீறி, ஸ்பெயினிலிருந்து பிரிவது பற்றிக் கேட்டலோனியாவில் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 43 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதில் 90 சதவீதம் பிரிவினைக்கு ஆதரவு. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை.

சரி, இனி பணத்துக்கு வருவோம்.

[திரையில்: அக்டோபர் 4, 5, 6]

அக்டோபர் 4. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவது பற்றிய 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு ஸ்பெயின் பங்குச் சந்தைக்கு அதுதான் மிக மோசமான நாள். கேட்டலோனியாவின் இரண்டு பெரிய வங்கிகளான கைஷாபாங்க், சபாடெல் இரண்டின் பங்குகளும் சரிந்தன. மறுநாள், சபாடெல் தன் பதிவு அலுவலகத்தை அலிகாண்டே நகருக்கு மாற்றுகிறது என்ற செய்தி வந்தது. பங்கு விலை மேலே ஏறியது. இத்தனைக்கும் அது 1881இல் சபாடெல் என்ற ஊரில் தொடங்கி, அந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் வங்கி. அக்டோபர் 6 அன்று ஸ்பெயின் அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: பங்குதாரர் கூட்டம் கூட்டாமல், இயக்குநர் குழுவே பதிவு அலுவலகத்தை மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கே கைஷாபாங்க் வலென்சியாவுக்கு மாறிவிட்டது.

ஊழியர்கள் யாரும் மூட்டை கட்டவில்லை. கிளைகள் திறந்தே இருந்தன. மாறியது ஆவணத்தில் உள்ள முகவரி மட்டும்தான். வெறும் முகவரிக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

இந்த வீடியோவில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்ட பணம் முழுவதையும் எந்த வங்கியும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை, கடனாகக் கொடுத்திருக்கும். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால், வங்கி மத்திய வங்கியிடம்தான் கை நீட்ட வேண்டும். யூரோவுக்கு அது ஐரோப்பிய மத்திய வங்கி. வங்கியே மூழ்கிவிட்டால், ஒருவருக்கு 1,00,000 யூரோ வரை திருப்பிக் கொடுக்க ஸ்பெயினில் டெபாசிட் காப்பு நிதி இருக்கிறது. கேட்டலோனியா பிரிந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நின்றால், அங்கே பதிவான வங்கிக்கு இந்த இரண்டும் கிடைக்குமா? யாரும் உறுதி சொல்லவில்லை. அதனால்தான் முகவரி மாறியது.

வங்கி மாறிய பிறகும் சில வாடிக்கையாளர்களுக்கு மனசு ஆறவில்லை. அப்படி வந்ததுதான் "கண்ணாடிக் கணக்கு". எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விவரம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

[திரையில்: ஸ்பெயின் கணக்கு எண், நான்கு இலக்கங்கள் மட்டும் மஞ்சள் நிறத்தில்]

ஸ்பெயின் கணக்கு எண்ணில் 'ஈஎஸ்' என்ற இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் 22 இலக்கங்கள் வரும். முதல் இரண்டு சரிபார்ப்புக்கு. அடுத்த நான்கு எந்த வங்கி என்று சொல்லும். அதற்கடுத்த நான்கு எந்தக் கிளை என்று சொல்லும். உங்கள் பார்சிலோனா கிளையிலேயே உட்கார்ந்து, கேட்டலோனியாவுக்கு வெளியே உள்ள ஒரு கிளையின் எண் போட்ட புதுக் கணக்கைத் திறக்கலாம். பழைய கணக்கோடு அது இணைந்திருக்கும். பணத்தை இதிலிருந்து அதற்கு மாற்றினால் வேலை முடிந்தது. கட்டுக்கட்டாக நோட்டு எடுத்துக்கொண்டு யாரும் எல்லை தாண்ட வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர்கள் சேர்த்து வைத்த ஓய்வுக்காலப் பணத்தைப் பற்றிய கவலை, கடைசியில் அந்த நான்கு இலக்கங்களில் வந்து நின்றது.

அதே மாதம் எதிர்த் தரப்பும் பணம் எடுத்தது! அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. பதிவு அலுவலகத்தை மாற்றிய வங்கிகளைக் கண்டித்து, பிரிவினை ஆதரவு அமைப்புகள் ஏடிஎம்மில் பணம் எடுக்கச் சொன்னார்கள். பலர் எடுத்தது 155 யூரோ அல்லது அதை ஒட்டிய தொகை. ஏன் 155? கேட்டலோனியாவின் தன்னாட்சியை மத்திய அரசு கையில் எடுத்துக்கொள்ள வழி செய்யும் அரசியல் சட்டப் பிரிவின் எண் அது. பிரிவினை வந்துவிடுமோ என்று பயந்தவர்களும் பணம் எடுத்தார்கள், பிரிவினை வேண்டும் என்றவர்களும் எடுத்தார்கள், அதே வங்கிகளிலிருந்து. வங்கி மேலாளர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

[திரையில்: எடின்பரோ, 2014]

அடுத்து ஸ்காட்லாந்து. இங்கே வாக்கெடுப்பு சட்டப்படி நடந்தது, 2014 செப்டம்பர் 18 அன்று. அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் ஒரு கருத்துக் கணிப்பு 51க்கு 49 என்று பிரிவினையை முன்னால் காட்டியது. அடுத்த திங்கட்கிழமையே பவுண்டு சரிந்தது. எடின்பரோவில் 1727இல் தொடங்கிய ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, பிரிவினை வென்றால் பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் அந்த வேலை வரவில்லை.

அங்கேயும் கேள்வி அதேதான்: எங்கள் பணம் எந்த நாணயத்தில் இருக்கும்? பவுண்டையே வைத்துக்கொள்வோம் என்றார் பிரிவினை கேட்ட ஸ்காட்லாந்து அரசின் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட். கூட்டு நாணயம் கிடையாது என்றார் பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். தொலைக்காட்சி விவாதத்தில், "அப்படியானால் உங்கள் மாற்றுத் திட்டம் என்ன?" என்று பிரிவினை எதிர்ப்புப் பிரச்சாரத்தின் தலைவர் அலிஸ்டர் டார்லிங் சால்மண்டிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். நேரடியான பதில் வரவில்லை.

இன்னொரு விவரம். ஸ்காட்லாந்து வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு அச்சிடுகின்றன. அந்த நோட்டுகளுக்கு ஈடாக பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் 'டைட்டன்' என்ற தாள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஏ4 அளவில் ஒரே ஒரு தாள், மதிப்பு 10 கோடி பவுண்டு! கையில் இருக்கும் நோட்டில் எடின்பரோ பெயர், அதன் பின்னால் நிற்பது லண்டன்.

கனடாவின் கியூபெக்கில் 1995 வாக்கெடுப்பு 50.58க்கு 49.42 என்று மயிரிழையில் தோற்றது. ஆனால் சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் 1978லேயே மாண்ட்ரியலை விட்டு டொராண்டோ போவதாக அறிவித்துவிட்டது.

"இதெல்லாம் வீண் பயம், பெரிய முதலாளிகள் கிளப்பிவிடும் பீதி" என்று கமெண்டில் எழுதப் போகிறீர்களா? செக்கோஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். அங்கே மக்கள் வாக்கெடுப்பே நடக்கவில்லை, தலைவர்கள் பேசி 1993 ஜனவரி 1 அன்று பிரிந்தார்கள். குறைந்தது ஆறு மாதம் ஒரே நாணயம் இருக்கும் என்றார்கள். ஸ்லோவாக்கியா மக்கள் நம்பாமல் செக் வங்கிகளுக்குப் பணத்தை மாற்றினார்கள். ஆறு வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 8 அன்று நாணயம் இரண்டானது. புது நோட்டு தயாராகாததால், பழைய நோட்டின் மேலேயே சின்னச் சின்ன ஸ்டாம்பு ஒட்டி எந்த நாட்டு நோட்டு என்று பிரித்தார்கள். ஜூலையில் ஸ்லோவாக்கியா தன் நாணய மதிப்பை 10 சதவீதம் குறைத்தது. பணத்தை முன்னாலேயே மாற்றியவர்கள் ஏமாறவில்லை.

அதனால் சேமிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களைத் துரோகி என்றோ பயந்தாங்கொள்ளி என்றோ சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. பிரிவதா வேண்டாமா என்பது அந்தந்த மக்களின் உரிமை. ஆனால் வாக்கெடுப்பு கேட்கிறவர்கள் மூன்று விஷயங்களுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும்: எந்த நாணயம், எந்த மத்திய வங்கி, டெபாசிட்டுக்கு யார் பொறுப்பு. 2022இல் ஸ்காட்லாந்து அரசு ஒரு பதில் சொன்னது: முதலில் பவுண்டு, பிறகு சொந்த ஸ்காட்லாந்து பவுண்டு. எப்போது மாறும் என்று தேதி சொல்லவில்லை. சேமிப்பவருக்குத் தேவைப்படுவதே அந்தத் தேதிதான்.

சபாடெல் வங்கியா? ஏழு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, 2025 ஜனவரியில் பதிவு அலுவலகத்தைத் திரும்பவும் சபாடெல் ஊருக்கே கொண்டுவர முடிவு செய்தது.

அடுத்த வீடியோவில் அந்த ஸ்டாம்பு ஒட்டிய நோட்டுகளைப் பற்றி மட்டும் பேசலாமா? வேண்டும் என்றால் கீழே எழுதுங்கள், சேனலை சப்ஸ்கிரைப் செய்துகொள்ளுங்கள்.