கேள்விப்பட்டது சாட்சியாகுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரில் காணாமல் பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்வது செவிவழிச் செய்தி. நீதிமன்றம் ஒதுக்கும் அதை அன்றாடப் பேச்சிலும் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் ஒரு பிரம்மாஸ்திரம் விட்டார்: "உங்கள் பிறந்த தேதியே அம்மா சொல்லிக் கேட்டதுதானே, அதையும் ஒதுக்குவீர்களா?" நல்ல கைதட்டல், நானும் தட்டினேன். ஆனால் ஐயா, பிறப்பு, உறவுமுறை பற்றி இறந்துபோன குடும்பத்தார் சொல்லிவைத்ததைச் சட்டமே விதிவிலக்காக ஏற்கிறதே! மரண வாக்குமூலமும் அப்படித்தான்.

சட்டம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதில்லை. மலாயாவில், அதாவது இன்றைய மலேசியப் பகுதியில், சுப்பிரமணியம் என்பவர் தோட்டாக்களோடு பிடிபட்டார். "பயங்கரவாதிகள் என்னை மிரட்டினார்கள்" என்றார். அவர்கள் பேசியதைச் சொல்லக் கூடாது, அது செவிவழிச் சாட்சியம் என்று தடுத்து, மரண தண்டனையும் விதித்தார்கள். 1956-இல் பிரிவி கவுன்சில், அதாவது லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றம், அதை ரத்து செய்தது. மிரட்டல் காதில் விழுந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. அதைச் சொல்லக் கேட்டவரே போதும். சொன்ன விஷயம் உண்மை என்று நிரூபிக்க வந்தால்தான் சொன்னவரே கூண்டேற வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? 1603-இல் இங்கிலாந்தில் சர் வால்டர் ராலே என்ற புகழ்பெற்ற கடலோடி மீது ராஜதுரோக வழக்கு. முக்கியச் சாட்சியம், அதே சதியில் குற்றம் சாட்டப்பட்ட கோபாம் பிரபு ராலேவுக்கு எதிராகக் கொடுத்த வாக்குமூலம். "அவரை என் முகத்துக்கு நேரே நிறுத்துங்கள்" என்று ராலே மன்றாடினார். நிறுத்தவில்லை. அதற்குப் பதில் யாரைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? ஒரு மாலுமியை! லிஸ்பனில் யாரோ ஒருவர், "முடிசூடுவதற்குள் ராஜாவின் கழுத்தை ராலேவும் கோபாமும் அறுத்துவிடுவார்கள்" என்றாராம், இவர் கேட்டாராம். அந்த 'யாரோ'வுக்குப் பெயர்கூடக் கிடையாது. ராலே குற்றவாளி என்றானது. 1618-இல் அந்தப் பழைய தண்டனையை வைத்தே தலையை வெட்டினார்கள்.

"நாங்கள் யார் தலையையும் வெட்டவில்லையே, சும்மா பேசுகிறோம்" என்றார் எதிரணி அம்மா. சரி, "அவர் பணத்தைக் கையாடிட்டாராமே" என்று சும்மா பேசுங்கள். மறுநாள் அவருக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லை, பெண் கொடுக்கவும் ஆள் இல்லை. ராலேவுக்காவது எதிரே நின்று "கொண்டுவா அவனை" என்று கேட்க ஓர் இடம் இருந்தது. இந்த மனிதருக்குத் தன்மேல் வழக்கு நடப்பதே தெரியாது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.