வயலில் நிற்கும் தண்ணீரும் வானுக்குப் போகும் மீத்தேனும்

[காட்சி: நடவு முடிந்த வயல். கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு கால் சேற்றில் இறங்குகிறது.]

இந்தக் காலடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கால் புதைந்ததும் சுற்றிலும் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. வயலில் இறங்கியவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். கூடவே அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. அதே குமிழில் நிறமும் மணமும் இல்லாத இன்னொரு வாயுவும் இருக்கிறது. அதுதான் மீத்தேன்.

ஒரு கிலோ மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. மனிதர்களின் வேலைகளால் வெளியேறும் மீத்தேனில் மூன்றில் ஒரு பங்கு கால்நடைகள் வழியாக வருகிறது, பெரும்பாலும் மாடு அசைபோடும்போது விடும் ஏப்பமாக. நெல் வயல்களின் பங்கு சுமார் 8 சதவீதம். இன்று நெல்லை மட்டும் பார்ப்போம்.

[காட்சி: நெல் தண்டின் குறுக்குவெட்டு, வரைபடமாக.]

தண்ணீர் கட்டி நின்றால் மண்ணுக்குள் காற்று இறங்காது. ஆக்ஸிஜன் இல்லாத அந்தச் சேற்றில், பழைய அடித்தாளையும் வேரையும் தழை எருவையும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. ஆனால் அதில் குமிழாக வருவது கொஞ்சம்தான். நெல்லின் தண்டுக்குள் மெல்லிய காற்றுக் குழல்கள் இருக்கின்றன. நெல் தண்ணீரில் மூழ்கி நின்றும் அழுகாமல் இருப்பதே அவற்றால்தான். மேலிருந்து வேருக்குக் காற்றைக் கொண்டுபோகும் அதே குழல் வழியாகத்தான் வயலின் மீத்தேனில் ஏறக்குறைய 90 சதவீதம் மேலே ஏறி வெளியே போகிறது.

சரி, அதற்காக நெல்லைக் குற்றம் சொல்வதா? கூடாது. மீத்தேனை உண்டாக்குவது நெல் இல்லை, விடாமல் தேங்கி நிற்கும் தண்ணீர்.

[காட்சி: வயலில் பதித்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. உள்ளே குச்சி விட்டு ஆழம் பார்க்கும் கை.]

இதற்கு நம்மிடம் அழகான பெயரோடு ஒரு வழி இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். ஒரு முறை பாய்ச்சி, அது வடிந்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகு அடுத்த பாய்ச்சல். கண் மதிப்பை நம்ப முடியாதவர்களுக்கு இந்தக் குழாய். ஓர் அடி நீளம் போதும். கீழ்ப் பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் பதித்து, உள்ளே புகுந்த சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்போது மடையைத் திறந்தால் போதும். பயிர் வாடாது, வேர் அந்த ஆழத்தில் நீரை எடுத்துக்கொள்ளும். பூக்கும் சமயத்தில் காய விடக் கூடாது. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பாசன நீரும் 30 சதவீதம் வரை மிச்சமாகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நனைந்து காயும் மண்ணில் நைட்ரஸ் ஆக்ஸைடு அதிகமாகும். அது மீத்தேனைவிடப் பல மடங்கு சூடாக்கக்கூடியது. ஆகவே யூரியாவை அள்ளிக் கொட்டாமல், பயிருக்குத் தேவையானதைப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும்.

இவ்வளவு எளிது என்றால் காவிரி டெல்டா முழுக்க ஏன் செய்யவில்லை? இந்தக் கேள்வியை விவசாயியின் அறியாமை என்று தள்ளிவிடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். வாய்க்காலின் கடைமடையில் இருப்பவர் நிலையில் நின்று பாருங்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அடுத்த முறை சொன்ன நாளில் வருமா என்பது அவருக்குத் தெரியாது. வரும்போது வரப்பு தொட நிரப்பிக்கொள்வதுதான் அவருக்கு இருக்கும் ஒரே காப்பு. நிற்கும் தண்ணீர் களையையும் அடக்கும். காய விட்டால் கோரை முளைக்கும், களையெடுக்கக் கூலி யார் கொடுப்பது? சம்பாவில் இன்னொரு சிக்கல்: வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, களிமண் வயலை நினைத்தாலும் காய வைக்க முடியாது.

அதனால் தொடங்க வேண்டிய இடம், அந்த மழைக்கு முந்தைய பட்டமான குறுவை. போர்வெல் வைத்திருப்பவர், மோட்டார் தன் கையில் இருப்பதால், நாளையே ஒரு குழாயைப் பதிக்கலாம். ஆற்றுப் பாசனத்தை நம்பியிருப்பவருக்குக் குழாய் மட்டும் கொடுத்துப் பயனில்லை. முறைத் தண்ணீர் எந்தத் தேதியில் வரும், எத்தனை நாள் ஓடும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்ன நாளில் கடைமடை வரை கொண்டு சேர்க்க வேண்டும். அப்போதுதான் அவர் துணிந்து வயலைக் காய விடுவார்.

[காட்சி: வறண்ட கிளை வாய்க்கால். பக்கத்து வயலில் குழாய்க்குள் குனிந்து பார்க்கும் ஒருவர், நிமிர்ந்து மதகு இருக்கும் திசையைப் பார்க்கிறார்.]