ஒரே கையில் இரண்டு தடிப்பு

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம், மர்பி டவுனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறேன். பின்னால் கேட்பது பக்கத்து வீட்டு குக்கர், மூன்று விசில் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்சிங் முதல் வருஷப் பிள்ளைகள் நிறையப் பேர், "அக்கா, இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி, மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது" என்று கேட்டிருந்தீர்கள். சரி, புத்தகத்தை மூடிவிட்டு என் கையைப் பாருங்கள்.

மேலே இருப்பது கொசுக்கடி, கடித்து கால் மணி நேரம் ஆகிறது. ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தால் கொசுவும் வாடகையில் சேர்த்திதான். கீழே, முன்கையில் வட்டம் போட்டிருப்பது மாண்டூ டெஸ்ட், டிபி (காசநோய்) கிருமியின் புரதத்தைத் தோலுக்குள் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கும் சோதனை. முந்தாநாள் காலேஜில் போட்டார்கள்.

சிவப்பு, வீக்கம், சூடு, வலி. கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னால் ரோமில் செல்சஸ் எழுதிவைத்த நாலு அடையாளங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள், ஒப்பித்துவிடுங்கள். ஆனால் இந்த இரண்டு தடிப்பையும் பிரித்துக் காட்டுவது அந்த நாலும் இல்லை, கடிகாரம்தான்.

கொசுவின் எச்சில் உள்ளே போனதும், தோலில் காவல் இருக்கும் மாஸ்ட் செல், அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது. ஏற்கெனவே பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருக்கும் சரக்கு, அதனால் சில நிமிஷத்திலேயே வேலை நடந்துவிடும். குட்டி ரத்தக்குழாய்கள் விரிந்து, நீர் வெளியே கசிகிறது. அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும்.

மாண்டூவில் சரக்கு தயாராக இல்லை, ஆள் திரட்ட வேண்டும். டிபி கிருமியை முன்பே பார்த்துப் பழகிய டி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) வந்து சேர்ந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தை விட்டு, கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களைக் கூப்பிட வேண்டும். அதனால்தான் 48 முதல் 72 மணி நேரம் காத்திருக்கிறோம். செல்களும், ரத்தத்தை உறையவைக்கும் நார்ப் புரதமான ஃபைப்ரினும் அடைந்துகொள்வதால் இந்தத் தடிப்பு கெட்டியாக இருக்கும்.

இந்தக் கெட்டியைத்தான் அளக்க வேண்டும், சிவப்பை அல்ல. இதில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இருக்கிறது. ஆஸ்பத்திரி போஸ்டிங்கில் மாண்டூ போட்டிருந்த ஒரு அண்ணனுக்கு, கொஞ்சம் நிறமானவர், சிவப்பின் மேல் ஸ்கேலை வைத்து 18 மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டேன். சீனியர் சிஸ்டர் வந்து, "கண்ணை மூடு, விரலால் தடவு" என்றார். தடவினால் 7தான். நம் ஊரில் பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் என்றால்தான் பாசிட்டிவ் கணக்கு. அந்த மனுஷரை எவ்வளவு அலைய விட்டிருப்பேன்! நம்மில் பலரின் கறுத்த தோலில் சிவப்பு தெரியவே தெரியாது, அப்படியிருந்தும் பாடப்புத்தகப் படங்களில் முக்கால்வாசி வெள்ளைக் கைகள்தான். விரலை நம்புங்கள்.

பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி இழுங்கள். தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. இரண்டு கோடும் நின்ற இடங்களுக்கு நடுவில் உள்ள தூரம்தான் அளவு. கையின் குறுக்குவாட்டில்தான், நீளவாட்டில் இல்லை.

அப்புறம், பாசிட்டிவ் என்றாலே டிபி நோய் என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள். கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கலாம், பிசிஜி (டிபி தடுப்பூசி) போட்டதாலும் தடிக்கலாம். மறுபக்கம், எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவருக்கு டிபி இருந்தும் கை வழவழவென்றே இருக்கலாம். அங்கே தடிக்கவில்லை என்பதுதான் கவலை.

இதோ என் கை... 6 மில்லிமீட்டர். கொசுக்கடி இதற்குள் அமுங்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது விசிலும் வந்துவிட்டது, கீழே போகிறேன்.