காக்காயையும் எண்ண வேண்டும்

(காங்கேயத்தில் நடந்த பறவை நோக்குவோர் கழக உறுப்பினர் சேர்க்கைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கமுங்க. கழகத்தில் ஏன் சேர வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டீஸ் கொடுக்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "ஏந்தம்பி, குருவி பாக்கறதுக்கு எதுக்குச் சங்கம்? தோட்டத்துல நித்தமும் பாக்கறேன், சந்தா கட்டியா பாக்கறேன்?" என்றார். நியாயமான கேள்வி. பறவையைப் பார்ப்பதற்கு யாரும் எதிலும் சேர வேண்டியதில்லை. வாய்க்கால் மேட்டில் கால் மணி நேரம் சும்மா நின்றால் போதும்.

எழுதி வைப்பதற்குத்தான் சங்கம் வேண்டும். ஒருத்தர் ஆர்வமாக நாலு வருஷம் எழுதுவார். அப்புறம் கல்யாணம், வேலை மாற்றம், முட்டி வலி என்று ஏதாவது வந்து நின்றுபோகும். அவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தர் எழுத வேண்டும். அதே குளம், அதே மாதம், அதே முறை. அந்தத் தொடர்ச்சி தனி ஆளால் ஆகிற காரியமில்லை.

"எங்க காலத்துல இந்தக் குளத்துல வாத்து எப்படி எறங்கும் தெரியுமா" என்று சொல்ல ஆளில்லாத ஊர் கொங்கு நாட்டில் கிடையாது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எத்தனை இறங்கியது, எந்த மாதம், எந்த வருஷத்தோடு நின்றது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். குளத்தை ஒட்டி ஒரு திட்டம் வருகிறது, கலெக்டர் ஆபீஸில் கருத்துக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே "எப்படி எறங்கும் தெரியுமா" செல்லாது. தேதி போட்ட தாள் செல்லும்.

கணக்கு என்ன செய்யும் என்பதற்குப் பாறுகளின் கதையைச் சொல்கிறேன். பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. ராஜஸ்தானில் பரத்பூர் பக்கத்திலுள்ள கேவலாதேவ் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980-களின் நடுவில் பாறுகளின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். அப்போது அதில் பரபரப்பு ஒன்றுமில்லை. பாறு எங்கும் கிடந்த பறவை. பத்து வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ணினார். கூடுகள் காலி. மரக்கிளைகளில் செத்த பாறுகள் தொங்கின. கையில் பழைய கணக்கு இருந்ததால்தான் "ஏதோ குறைந்த மாதிரி இருக்கிறது" என்ற பேச்சோடு போகாமல், இவ்வளவு இருந்தது, இவ்வளவு ஆகிவிட்டது என்று உலகத்துக்குச் சொல்ல முடிந்தது. காரணம் தேடி ஆராய்ச்சிகள் நடந்தன. மாட்டுக்கு வலி மருந்தாகப் போடும் டைக்ளோஃபெனாக்தான் எமன் என்று 2004-இல் தெரிந்தது. ஊசி போட்ட மாடு சில நாளில் செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிடுகிறது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது.

இது வடக்கத்திக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் கூடு கட்டும் முக்கியமான இடம், நம் சத்தியமங்கலத்துக்கு மேலே உள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கு. நாமோ மாட்டோடு பிறந்து வளர்ந்தவர்கள். அதே மாதிரி பாறுக்கு ஆகாத அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் என்ற இரண்டு வலி மருந்துகளுக்கும் 2023-இல் கால்நடைப் பயன்பாட்டில் தடை வந்திருக்கிறது. மாட்டுக்கு வலி ஊசி என்றால் மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள். பாறுக்கு அது ஆகாத மருந்தில்லை. கழகத்தில் சேராவிட்டாலும் பரவாயில்லை, இது ஒன்றை மலையடிவாரத்துச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்.

நம் பக்கத்து நல்ல செய்திக்கு வருகிறேன். திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. சுமார் 126 ஹெக்டேர். சாயப்பட்டறை ஊர் என்று பெயர் வாங்கிய ஊருக்குள் 191 வகைப் பறவைகள் என்று அரசு அறிவிப்பிலேயே அச்சானது. அந்த 191 ஒரு நாளில் வந்ததில்லை. பனியன் கம்பெனி ஷிப்டு முடித்தும், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டும் கரையில் நின்று எழுதிய உள்ளூர் ஆட்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு இருக்கிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறிய குளம். அதைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, மத்தாப்போடு சரி. அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்துகொண்டு இதைக் கடைப்பிடிக்கிற அந்தத் தாய்மார்களைத்தான் நான் பறவை ஆர்வலர் என்பேன். முப்பது அடியில் கூட்டை நெருங்கி, குஞ்சு பதற, லென்ஸை நீட்டுகிற ஆளை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அதிலும் போனில் குரலை ஓடவிட்டுப் பறவையை வரவழைக்கிற பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. கழகத்தில் அதற்கு இடமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, எப்படி எண்ணுவது? வெள்ளோட்டுக் கரையில் ஒரு நாள் ப்ளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி ஊசிவால் வாத்துக் கூட்டத்தைப் பார்த்து மலைத்து நின்றாள். "அண்ணா, இது ஐந்நூறா, ஆயிரமா?" கூட வந்தவர் சொன்னார்: "முதல்ல ஓரத்துல பத்தை மட்டும் ஒண்ணு ஒண்ணா எண்ணு கண்ணு. பத்து எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல பிடிச்சுக்கோ. அப்புறம் அந்த அளவை அப்படியே கூட்டத்து மேல நகர்த்திட்டே போ." அவள் விரலை மடக்கிக்கொண்டே போனாள். நடுவில் முக்குளிப்பான் ஒன்று முழுகி முழுகி எழுந்து கணக்கைக் குழப்பியது. நாமக்கோழிகளைத் தனியாக எழுதினாள். முடித்துவிட்டு அவரோடு ஒப்பிட்டால் இரண்டு பேர் கணக்குக்கும் பெரிய வித்தியாசமில்லை. இதை வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வழியில்லை. பக்கத்தில் ஒருத்தர் நின்று காட்ட வேண்டும்.

எழுத வேண்டியது கொஞ்சம்தான். எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எந்தப் பறவை எத்தனை. ஈபேர்டு என்ற செயலியில் ஏற்றிவிட்டால் உலகத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் நின்று எழுதினாலே அதில் சேர்ந்துவிடும். மாட்டுப் பொங்கலன்று பட்டியில் நின்றுகொண்டே செய்யலாம்.

ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பார்த்ததையெல்லாம் எழுத வேண்டும். காக்காய், மைனா, தவிட்டுக்குருவி எதையும் விடக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் அரிதான பறவைக்காகப் பேனாவை மூடியே வைத்திருப்பார்கள். சிட்டுக்குருவிக்கு என்ன நடந்தது பாருங்கள். "குருவியைக் காணோம், செல்போன் டவர்தான் காரணம்" என்று ஊரெல்லாம் பேச்சு. டவர்தான் கொன்றது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. கடைசியில் நாடு முழுவதும் பறவை நோக்குவோர் எழுதியதைத் திரட்டி 2020-இல் ஓர் அறிக்கை வந்தது. பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, மொத்தத்தில் பெரிய சரிவில்லை என்றது. ஐம்பது வருஷத்துக்கு முன்பே நம் ஊர்களில் யாராவது குருவியை ஒரு பொருட்டாக மதித்து எழுதியிருந்தால் இத்தனை வாக்குவாதம் தேவைப்பட்டிருக்காது.

அதே வரிசையில் 2023-இல் வந்த அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்டவர்கள் அனுப்பிய மூன்று கோடிப் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. இரண்டு செய்தி நமக்கு முக்கியம். ஒன்று, பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது. கரண்டுக் கம்பியில் உம்மென்று உட்கார்ந்திருந்து, பறக்கும்போது மட்டும் நீலத்தை விரிக்குமே, அதுதான். திறந்த வெளியில் பூச்சி தின்று வாழ்கிற பறவை. நம் கொறங்காடுகளில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கிறவரை பனங்காடைக்கும் கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் இடமிருக்கும். சரணாலயத்துக்கு ஓடுகிற நாம் கொறங்காட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது மனையாகிறபோது எந்தப் பேப்பரிலும் வருவதுமில்லை. எனக்குக் கழகத்தின் முதல் வேலையாக இதுதான் தோன்றுகிறது: ஆளுக்கு ஒரு கொறங்காடு, மாதம் ஒரு தடவை.

இரண்டாவது, மயில் பெருகியிருக்கிறது. இதைச் சொன்னதும் அந்த மூலையில் சிலர் சிரிக்கிறீர்கள். தெரியுமுங்க. சோளத்தையும் தக்காளியையும் நிலக்கடலையையும் மயிலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தோட்டத்துக்காரர் மயிலைப் பற்றிப் புலம்பினால், பறவைப் பிரியர்கள் முகத்தைச் சுளிப்பது வழக்கமாகிவிட்டது. அது தப்பு. அவர் சொன்னதைத்தான் அறிக்கையும் சொல்கிறது. மயில் 1963 முதல் தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருப்பது. விஷம் வைத்தால் சிறை. விஷம் கலந்த தானியம் கௌதாரியையும் புறாவையும் சேர்த்தே கொல்லும். ஆனால் நஷ்டஈடு கேட்கவும், எந்தப் பயிரில் எந்த மாதம் சேதம் என்று அதிகாரியிடம் பேசவும் கணக்கு வேண்டுமல்லவா? ஆகவே விவசாயிகளே, நீங்கள்தான் முதலில் சேர வேண்டும். நகரத்துக்காரர் வாரம் ஒரு நாள் பார்ப்பதை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள்.

கேமரா கட்டாயமில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்குக் கழகத்திலேயே சில உண்டு, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். மாணவர்களுக்குச் சந்தா பாதி. வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு வெள்ளோடு சரணாலய வாசலில் முதல் நடை. சேருவதற்கு முன்பே வந்து பார்க்கலாம். படிவம் பின்னால் மேசையில் இருக்கிறது. அதில் "தெரிந்த பறவைகள்" என்று ஒரு கட்டம் இருக்கும். கோழி தவிர ஒன்றும் தெரியாது என்றால் அதையே எழுதிக் கொடுங்கள், யாரும் சிரிக்க மாட்டோம்.