மேல் நிரையிலிருந்து வந்த குரல்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அக்கா, தம்பி, பொங்கல் விழாவுக்காக இந்த அட்டன் மண்டபம் நிறைய வந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"கடல்வாழ் பாலூட்டிகளை அதிகம் வதைப்பது பிளாஸ்டிக்கா, மனிதன் எழுப்பும் இரைச்சலா?" என்பது தலைப்பு. இரைச்சல்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

அக்கா நன்றாகப் பேசினார். 2018இல் இந்தோனேசியாவில் கரையொதுங்கிய திமிங்கிலத்தின் வயிற்றில் ஏறக்குறைய 6 கிலோ பிளாஸ்டிக் இருந்தது என்றார். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, நம் மேற்குக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் குவிந்ததையும் நினைவூட்டினார். இரண்டும் உண்மை. ஆனால் கடைசியில் ஒன்று கேட்டாரே, "சத்தம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், பிளாஸ்டிக் அடங்குமா?" என்று, அதற்கு எங்கள் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லித்தான் பதில் சொல்லவேண்டும்.

என் அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். காலையில் பனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவரின் தலைத்துணிகூடத் தெரியாது. யார் எங்கே நிற்கிறார் என்பதைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். குளவிக்கூடு கலைந்தால் மேல் நிரையில் இருப்பவர் "குளவி, ஓடுங்க!" என்று கத்துவார். கீழே நிற்பவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடித் தப்புவார்கள். ஒருநாள் பக்கத்தில் புல்வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கத்தியது கீழே கேட்கவில்லை. அம்மா முகமெல்லாம் வீங்கி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த மெஷின் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, அக்கா. ஆனால் கேட்கவேண்டிய நேரத்தில் அந்தக் குரல் கேட்கவில்லையே!

கடலுக்குள் எப்போதுமே பனிமூட்டம்தான். 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மிகவும் மங்கிவிடும். ஆனால் ஒலி தண்ணீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். அதனால் திமிங்கிலமும் டொல்பினும் காதை நம்பியே பிழைக்கின்றன. துணையைத் தேடுவது, குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எல்லாம் ஒலியால்தான். பல்லுள்ள இனங்கள் இரை பிடிப்பதும் தம் ஒலியின் எதிரொலியைக் கேட்டுத்தான். நீலத் திமிங்கிலத்தின் குரல் மிகத் தாழ்ந்தது, நம் காதுக்கு எட்டாத அளவுக்குக்கூட இறங்கும். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடியது. கப்பலின் விசிறி சுழலும்போது குமிழிகள் உண்டாகி உடைகின்றன. அதிலிருந்து வரும் உறுமலும் அதே தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது. அதுதான் சிக்கல். குரலும் உறுமலும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது குரல் அமுங்கிப்போகிறது.

இது எங்கோ தூரதேசத்துக் கதையும் இல்லை. நம் இலங்கையின் தென்கரையில் மிரிஸ்ஸ, தெய்வேந்திரமுனைப் பக்கம் கரையைவிட்டுக் கொஞ்சம் போனாலே ஆழ்கடல் வந்துவிடும். நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடம் அது. உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று அதை ஒட்டியே போகிறது.

கடலடியில் எண்ணெய் தேடுபவர்கள், அடித்தரையை ஒலியால் ஆராய்வதற்காக, பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒருமுறை வெடிக்கும் காற்றுத் துப்பாக்கிகளை நாள்கணக்கில் கடலில் இழுத்துச் செல்கிறார்கள். அதுவும் இந்த இரைச்சலோடு சேர்கிறது.

"சத்தம் கொல்லுமா?" என்று தம்பி கேட்டார். கொல்லும், தம்பி. 2002 செப்டம்பரில் ஸ்பெயினின் கேனரித் தீவுகளுக்கு அருகே கடற்படைப் பயிற்சி நடந்தபோது, பறவை அலகு போல் நீண்ட வாயுள்ள அலகுத் திமிங்கிலங்கள் 14 கரையொதுங்கின. செத்தவற்றின் உடலை அறுத்துப் பார்த்தபோது உறுப்புகளில் வாயுக் குமிழிகள் இருந்தன. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் முக்குளிப்பவர்களுக்கு வருவது போன்ற பாதிப்பு அது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடக் கடற்படை தண்ணீருக்குள் அனுப்பும் சோனார் ஒலிக்கு மிரண்டு, தமக்குப் பழகிய முறையை மீறி நீந்தியதால் இப்படி ஆகியிருக்கும் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். 2004இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றிச் சோனாருக்குத் தடை போட்டது. அதன்பிறகு அங்கே அப்படிக் கூட்டமாகக் கரையொதுங்குவது நின்றுபோனது.

சரி, சாகாத திமிங்கிலங்கள் நிம்மதியாகவா இருக்கின்றன? 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கடலடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அங்கே வாழும் ரைட் என்ற இனத் திமிங்கிலங்களின் சாணத்தை எடுத்துச் சோதித்தார்கள். மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. பல வருடங்கள் கழித்து, 2012இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, நடுவர் அவர்களே. மனிதர்கள் அழுதுகொண்டிருந்த அந்தச் சில நாளில்தான் அந்த உயிர்கள் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கின்றன. பிளாஸ்டிக் விழுங்கிய திமிங்கிலத்துக்கு நோவு. இரைச்சலோ அந்தக் கடற்பரப்பில் இருக்கும் அத்தனை திமிங்கிலங்களையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. அதனால்தான் அது பெரிது என்கிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு எங்கள் தோட்டத்துப் பெண்கள், மெஷின் ஓடும் மலைக்குப் பக்கத்தில் நிரை பிடிக்கமாட்டோம் என்று நின்றார்கள். மெஷினை வேறு மலைக்கு மாற்றினார்கள். தெய்வேந்திரமுனையிலும் அப்படி ஒன்று நடந்தது. 2022இல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம், திமிங்கிலங்கள்மீது மோதாமலிருக்கத் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. கப்பல் தள்ளிப்போனால் இரைச்சலும் தள்ளித்தானே போகும்? மற்றக் கப்பல்களையும் அப்படிப் போகச் சொல்லுங்கள் என்று நாமும் கேட்கலாம். நாம் பறித்த கொழுந்தும் தூளாகிக் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்தான் ஏறுகிறது.

மணி அடித்துவிட்டது. தீர்ப்பை உங்களிடம் விட்டுவிட்டு அமர்கிறேன்.