கார் ஷெட்டில் பிறந்த பாலே குழு: ஆர்தர் மிட்செல் கட்டிய இடம்

[திரையில்: ஹார்லெம் தெருக்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

குரல்:
1968-ஆம் வருடம். நியூயார்க்கில் கறுப்பர்கள் நிறைந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதி. கார் நிறுத்துகிற ஒரு பழைய ஷெட்டுக்குள் பிள்ளைகள் பாலே என்ற ஐரோப்பிய மேடை நடனம் கற்கிறார்கள். கதவு திறந்தே கிடக்கிறது. தெருவில் போகிற யாரும் நின்று பார்க்கலாம், பிடித்திருந்தால் உள்ளே வந்து சேர்ந்துகொள்ளலாம். ஒட்டிப்பிடிக்கிற பாலே உடை போடப் பையன்களுக்குக் கூச்சமா? சரி, முழங்காலோடு வெட்டிய ஜீன்ஸே போதும். 30 பேரோடு தொடங்கிய வகுப்பு சில மாதங்களில் 400 பேரைத் தொட்டது.

சொல்லிக்கொடுத்தவர் ஆர்தர் மிட்செல். அமெரிக்காவின் பெரிய பாலே குழு ஒன்றில் முதன்மைக் கலைஞராக ஆடியவர். அந்த வகுப்பிலிருந்து அவர் வளர்த்தெடுத்த 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்' இன்றைக்கும் மேடையேறுகிறது.

[திரையில்: பாலக்காட்டு எல்லைச் சாலை, பனைமரங்கள், ஒரு பள்ளி மேடை]

குரல்:
இந்தக் கதையைப் பாலக்காட்டு எல்லையில் இருந்துகொண்டு ஏன் சொல்கிறோம்? கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், சித்தூர் என்று நம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பரதமும் மோகினியாட்டமும் கற்கிற பெண்பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். கலோத்சவம் என்கிற பள்ளிக் கலைப்போட்டி வரும், ஏ கிரேடு வரும், கிரேஸ் மார்க்கும் வரும். பிளஸ் டூ முடிந்ததும் சலங்கை அலமாரிக்குள் போய்விடும். பத்து வருடம் வியர்வை சிந்திக் கற்றவளுக்கு, அப்புறம் போய்ச் சேர ஓர் இடம் கிடையாது. மிட்செல் கட்டியது அந்த இடத்தைத்தான். அதனால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இதைப் பேசுகிறோம்.

[திரையில்: பாலேயின் ஐந்து பாத நிலைகள், பக்கத்தில் அரைமண்டி]

குரல்:
பாலே பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நம் அரைமண்டியில் குதிகால்கள் சேர்ந்திருக்கும், முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரியும். பாலேயிலும் தொடை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அதுவரை இரண்டும் உறவு, அதன் பிறகு வழி பிரிகிறது. நாம் தரையைத் தட்டுகிறோம், பாதத்தின் ஓசை தாளத்தில் போய் விழ வேண்டும். பாலேக்காரர்கள் தரையை விட்டு எழும்பப் பார்க்கிறார்கள், குதித்து இறங்கினாலும் சத்தம் வரக் கூடாது. இடுப்பில் தொடங்கி விரல்நுனி வரைக்கும் கால் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இந்தக் கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதற்கு வேலை வரும்.

[திரையில்: மிட்செலின் இளமைக்காலப் படம்]

குரல்:
மிட்செல் 1934 மார்ச் 27 அன்று ஹார்லெமில் பிறந்தார். 12 வயதில் அப்பா சிறைக்குப் போனார். பையன் பேப்பர் போட்டான், ஷூவுக்குப் பாலிஷ் போட்டான், கறிக்கடையில் வேலை பார்த்தான். பள்ளியில் வழிகாட்டி ஆலோசகர் ஒருவர் எடுத்துச் சொன்னதால் நிகழ்த்துகலைகளுக்கான உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பித்து இடம் பிடித்தான். 1952-ல் உதவித்தொகையோடு ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலேயில் சேர்ந்தார். பாலேயில் சிறு வயதிலேயே உடம்பை வளைத்துத் தயார்செய்வார்கள். 18 வயது என்பது மிகவும் தாமதம். ஆனாலும் 1955-ல் நியூயார்க் சிட்டி பாலே அவரை எடுத்துக்கொண்டது. அங்கே நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின்.

[திரையில்: 'அகான்' ஒத்திகைப் படங்கள்]

குரல்:
1957 டிசம்பர் 1 அன்று பாலன்சின் அமைத்த 'அகான்' என்ற பாலே மேடையேறியது. இசை ஸ்ட்ராவின்ஸ்கி. அரசகுமாரன் கிடையாது, அன்னப்பறவை கிடையாது, கதையே கிடையாது. 12 பேர், பயிற்சி வகுப்பில் போடுகிற கறுப்பு வெள்ளை உடையிலேயே ஆடுகிறார்கள். அதன் மையத்தில் ஒரு ஜோடி நடனம். ஆடியவர்கள் மிட்செலும் டயானா ஆடம்ஸும். அவர் கறுப்பர். அவள் வெள்ளைக்காரி, வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவள்.

அந்த நடனத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்து, சுற்றி, பின்னிக்கொண்டே இருக்கிறார்கள். ஓர் இடத்தில் அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவர் தரையில் மல்லாந்து கிடந்தபடி அவள் கையைப் பிடித்து அவளைச் சாயாமல் காக்கிறார். கறுப்பரும் வெள்ளையரும் திருமணம் செய்துகொள்வது வர்ஜீனியாவில் அப்போது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது 1967-ல்தான்.

யார் யாரைத் தொடலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1924-ல் நம் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஈழவர்கள் நடந்ததற்கே அடி விழுந்தது. அந்த ஊர்க்காரர்களான நாம் 'அகான்' படத்தைப் பார்த்தால், அந்த இரண்டு கைகள் சேருகிற இடத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கும். அந்த ஜோடி நடனம் அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் வர 1968 ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் கேரளப் பள்ளிக் கலோத்சவம் தொடங்கியதும் அதே 1957-ல்தான். அங்கே ஒரு மனிதர் பெரிய மேடையில் தனக்கான இடத்தைப் பிடிக்கிறார், இங்கே ஒரு மாநிலம் தன் பிள்ளைகளுக்கு மேடை போட்டுக் கொடுக்கிறது.

[திரையில்: 1968 ஏப்ரல் நாளிதழ்கள்]

குரல்:
1968 ஏப்ரல் 4-ல், கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மிட்செல் அந்தக் காலத்தில் பிரேசிலில் ஒரு பாலே குழுவைக் கட்டி எழுப்ப உதவிக்கொண்டிருந்தார். அந்தச் சாவுக்குப் பிறகு அவருடைய முடிவு ஹார்லெம் பக்கம் திரும்பியது. சேமிப்பிலிருந்து 25,000 டாலரைப் போட்டார். முன்பு தனக்குச் சொல்லிக்கொடுத்த கரேல் ஷூக், ஆம்ஸ்டர்டாமில் டச்சு தேசிய பாலேயில் ஆசிரியர், அவரையும் கூட்டிக்கொண்டார். இருவரும் சேர்ந்து 1969-ல் முறைப்படி நிறுவனமாக்கினார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியும் வந்தது. 1971 ஜனவரியில் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் முதல் நிகழ்ச்சி. பாலன்சின் தன் படைப்புகளை ஆடக் கொடுத்தார். 152-வது தெருவில் வாங்கிய ஒரு கராஜையே திருத்திக் கட்டி, அதைத் தங்கள் வீடாக்கிக்கொண்டார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பள்ளி, அதன் பின்னால் குழு. பெயர் பெற்ற நாலு பேரைக் கூட்டி மேடையேற்றியிருந்தால் இரண்டு வருடம் கைதட்டல் கிடைத்திருக்கும். தெருப் பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் பயிற்றுவித்ததால் அவருக்கு ஆட்கள் வற்றவேயில்லை. மிட்செல் செய்த காரியங்களில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான். 'அகான்' கூட இதற்கு அப்புறம்தான்.

[திரையில்: இளஞ்சிவப்புக் காலுறையும் ஷூவும், பிறகு பழுப்பு நிறத்தின் பல சாயல்கள்]

குரல்:
இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். பாலேயில் பெண்கள் இளஞ்சிவப்பில் காலுறையும் சாட்டின் ஷூவும் போடுவது வழக்கம். வெள்ளைத் தோலோடு அந்த நிறம் ஒட்டிப்போகும், கால் நீளமாகத் தெரியும். பழுப்பு உடம்பில் அதையே போட்டால்? இடுப்பு வரை ஒரு நிறம், அதற்குக் கீழே வேறொரு நிறம். கோடு அங்கேயே வெட்டுப்படுகிறது. உழைத்து வாங்கிய நீளத்தை உடையே தின்றுவிடுகிறது.

1970-களில் ஹார்லெம் குழு இதை மாற்றியது. ஒவ்வொருவருடைய தோல் நிறத்துக்கும் பொருந்தக் காலுறைக்குச் சாயம் ஏற்றினார்கள். ஷூவுக்கு முகத்தில் பூசுகிற ஒப்பனையையே ஸ்பாஞ்சில் தொட்டுத் தடவினார்கள். ஒருத்திக்கு எடுத்த நிறம் இன்னொருத்திக்கு உதவாது, ஒவ்வொரு ஜோடியையும் கையால்தான் செய்ய வேண்டும். லண்டனில் 'பாலே பிளாக்' குழுவின் முயற்சியில் ஒரு பெரிய ஷூ நிறுவனம் பழுப்பு நிறங்களில் பாலே ஷூ தயாரிக்க 2018 ஆனது. அதுவரை பெரும்பாலும் ஸ்பாஞ்சுதான்.

[திரையில்: 'கிரியோல் ஜிசெல்' காட்சிகள்]

குரல்:
1984-ல் 'ஜிசெல்' என்ற பழைய பாலேயை எடுத்து, ஐரோப்பிய கிராமத்திலிருந்து 1840-களின் லூசியானாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விடுதலை பெற்ற கறுப்பர்களிடையே, எத்தனை தலைமுறைக்கு முன் அடிமைத்தனம் நீங்கியது என்பதுதான் குடும்பத்தின் மேல்கீழ். அடவுகளில் பெரிதாகக் கை வைக்கவில்லை. நம் பாலக்காட்டுக் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்துக்குக் கம்பன் பாட்டு இன்றும் அப்படியே ஒலிக்கிறதே, மலையாள மண்ணில் நின்றுகொண்டு, அந்த மாதிரியான துணிச்சல் இது.

[திரையில்: மூடிய அரங்கம், பிறகு பள்ளி வகுப்பு]

குரல்:
எல்லாம் நேராகப் போகவில்லை. 1997-ல் குழுவின் கலைஞர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். 2004-ல் கடன் தாங்காமல் குழு ஆடுவதை நிறுத்தியது. பள்ளி மட்டும் பிழைத்துக்கொண்டது. குழு 2012-ல் மீண்டும் மேடையேறியபோது அதை நடத்தியவர் விர்ஜீனியா ஜான்சன். தொடக்கக் காலத்திலேயே குழுவில் ஆடியவர். 2023-லிருந்து ராபர்ட் கார்லண்ட், அவரும் அதே குழுவில் ஆடி வளர்ந்தவர். மிட்செல் 2018 செப்டம்பர் 19-ல், 84 வயதில் காலமானார்.

[திரையில்: நம் ஊர் நடன வகுப்பு ஒன்று]

குரல்:
நம் பக்கத்துக்கு வருவோம். டீச்சர்கள் இருக்கிறார்கள், வகுப்பு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை வேண்டும் என்று கேட்கிற முன்னாள் மாணவிகளும் இருக்கிறார்கள். மண்டபத்தின் மாடி ஒன்றைக் காலை நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, நாலே நாலு பேருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, தினமும் ஒத்திகை நடத்த முடியுமா? கலோத்சவப் பயிற்சிக்கு வருகிற ஃபீஸில் ஒரு பங்கு, கும்பம் மீனத்துக் கோயில் விழாக்களின் நிகழ்ச்சிப் பணம், சிறு பிள்ளைகளின் மாத வகுப்பு, இந்த மூன்றையும் ஒரே கணக்கில் வைத்து ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கலாம் என்று நான் நம்புகிறேன். சம்பளம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அது இல்லாமல் தொடங்கக் கூடாது.

வாளையாறு முதல் மீனாட்சிபுரம் வரை யாராவது அப்படி ஒரு குழுவைத் தொடங்கியிருந்தால் சொல்லுங்கள். ஒத்திகை நடக்கிற காலையிலேயே கேமராவோடு வந்து நிற்கிறோம்.